அக்கா ஆக்சிஜனை மறந்த வாரங்கள்

என் அக்கா முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆன பிறகும், எங்கள் தீவின் ஆயர் ஈத்தாம் பசாரில் மீன் விற்கும் சீனக் கிழவி அக்காவைக் கண்டால் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டுத் தன் வீங்கிய முழங்காலைக் காட்டுவாள். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குனிந்து அமுக்கிப் பார்ப்பாள். மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மீன் வாங்குவாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் காலமான பின் நான் அவளோடு வந்து சேர்ந்தேன். என் மகன் கோலாலம்பூரில் இருந்தான். பசாருக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவளுக்கு அறுபத்தொன்பது வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியே பழகியவள். ஆனாலும் வீட்டில் அவள் குரல்தான் எடுபடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். மூன்று நாளாக அக்கா இருமிக்கொண்டிருந்தாள். கேட்டால், "தடிமன்தான். நீ உன்ர வேலையைப் பார்" என்றாள். தெர்மோமீட்டரைத் தானே வைத்துப் பார்த்துவிட்டு, நான் எட்டிப் பார்க்கும் முன்பே உதறி இறக்கிவிடுவாள். நான்காம் நாள் காலை கோப்பி கொண்டுபோனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றியிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்க்கவில்லை, தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"டாக்சிக்கு... சொல்லு" என்றாள். இரண்டு சொல்லுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு இழுத்தாள்.

நிமோனியா. இரண்டு பக்க நுரையீரலிலும் பிடித்திருந்தது. முதல் வாரம் பிழைப்பாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் மகனை வரவழைத்தேன். இரண்டாவது வாரம் காய்ச்சல் இறங்கியது. மூன்றாவது வாரத்தில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "கிருமி போயாச்சு. ஆனா நுரையீரல் இன்னும் ஆறல. கொஞ்ச நாளைக்கு வீட்டிலயும் ஆக்சிஜன் வேணும். பிறகு மெதுவா குறைச்சுக் குறைச்சு நிறுத்திடலாம். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி. அவசரப்பட்டாலும் தப்பு, இழுத்துக்கிட்டே போனாலும் தப்பு" என்றார்.

அப்படித்தான் அந்தக் கறுப்பு உருளை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆளுயரம் இருக்கும், தோளில் மட்டும் வெள்ளை. லாரியில் கொண்டுவந்த இரண்டு பேர் அதைச் சாய்த்து உருட்டி ஹாலுக்குள் கொண்டுவந்து, விழாமல் இருக்கச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டினார்கள். அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் சிறிய குண்டு ஒன்று மிதக்கும். குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, நிமிடத்துக்கு அத்தனை லிட்டர் காற்று போகிறது என்று அர்த்தம். கீழே ஒரு போத்தலில் தண்ணீர் இடைவிடாமல் கொப்பளித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து நீளமான குழாய் அக்காவின் மூக்கு வரைக்கும். பக்கத்தில் நெருப்பு ஆகாது என்றார்கள். சாமிப் படங்களையும் விளக்கையும் ஹாலிலிருந்து எடுத்துப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்கு மாற்றினேன். மாற்றும் முன் அக்காவிடம் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்குப் பயமாக இருந்தது அந்த மௌனம்தான். சோறு குழைந்துவிட்டது என்றோ ஜன்னலைத் திற என்றோ அவள் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடிக் குழலில் நிற்கும் குண்டைப் பார்த்தபடி இருந்தாள்.

வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மிஸ்ஸி வந்து பார்க்க டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் தமிழ்ப் பெண். கடலுக்கு அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அதை ஃபெரியில் ஏற்றி இக்கரை சேர்ந்து, மழையென்றால் பிளாஸ்டிக் கோட்டோடு சொட்டச் சொட்ட வாசலில் நிற்பாள். கலகலப்பானவள். அக்கா அந்தக் காலத்து மிஸ்ஸி என்று தெரிந்ததும், "அப்ப நான் சரியா வேலை செய்யணும், இல்லன்னா ஆன்ட்டி என்னைத் திட்டுவாங்க லா" என்று சிரித்தாள். அக்காவும் லேசாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அவள் பையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்து வரும் கவ்வியை விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். அக்கா வேலை பார்த்த காலத்தில் அப்படியொன்று கிடையாது. உதட்டையும் நகத்தையும் பார்த்துத்தான் சொல்வார்கள். தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது, தொண்ணூற்றிரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லித் தந்தாள். பெட்டியை எப்போதும் தன் பக்கம் திருப்பியே வைத்திருப்பாள். எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிக்குப் பதற்றம் கூடும் என்பது அவள் கணக்கு. பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்பாள்.

முதல் இரண்டு வாரம் ஒரு சிரமமும் இல்லை. இரண்டு லிட்டர் ஒன்றரை ஆயிற்று, ஒன்றரை ஒன்று ஆயிற்று. பிறகு அரை. அக்கா தானே எழுந்து முகம் கழுவினாள். இட்லி இரண்டு சாப்பிட்டாள். அடுத்தது, உட்கார்ந்திருக்கும்போது கால் மணி நேரம் குழாயே இல்லாமல் இருப்பது.

மிஸ்ஸி மெதுவாக அதைக் காதுகளிலிருந்து விடுவித்து எடுத்தாள். விரலில் கவ்வி இருந்தது. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். "பாருங்க, நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு இனிமே இது வேணாம் ஆன்ட்டி. நீங்க நல்லாயிட்டீங்க" என்றாள்.

அக்காவின் முகம் மாறியது. எட்டி அந்தக் குழாயைப் பறித்தாள். மூக்கில் மாட்டப் பொறுமையில்லாமல் வாயில் வைத்துக்கொண்டு, "மூச்சு முட்டுது... முட்டுது" என்றாள். மிஸ்ஸி திகைத்துப்போய் என்னிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். தொண்ணூற்று நான்கு.

மறுமுறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். எண் ஒரு தடவை கூடக் கீழே போகவில்லை. ஆனால் குழாய் விலகிய உடனே அக்காவின் நெற்றி வேர்த்தது, வாய் திறந்து திறந்து மூடியது. நடிப்பு இல்லை அது.

ஒரு மத்தியானம் பசாரிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன், போத்தலில் தண்ணீர் பலமாகக் கொப்பளிக்கிறது. அரையில் இருக்க வேண்டிய குண்டு இரண்டில் நிற்கிறது. நான் வெளியே போகும் நேரமெல்லாம் அவள் எழுந்து கூட்டி வைத்திருக்கிறாள், நான் வரும் சத்தம் கேட்டுக் குறைத்திருக்கிறாள். அன்று கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. இரண்டு மாதமாகச் சேர்ந்த களைப்பாக இருக்கலாம். காய்கறிப் பையை மேசையில் போட்டுவிட்டு அவளை எழுப்பினேன்.

"என்ன அக்கா இது? களவாய்க் கூட்டி வைக்கிறியளோ?"

அவள் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் உங்கட காலத்தில எத்தனை பேருக்கு இதைக் கழட்டியிருப்பியள்! அவையும் பயந்துதானே இருந்திருப்பினம்? உங்களுக்கு வரேக்க மட்டும் என்ன வந்தது?"

சொன்னேன், சொல்லிவிட்டுக் குண்டை அரைக்கு இறக்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிபட்ட பார்வை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. கஞ்சி ஆறி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. ஜன்னலுக்கு அப்பாலிருந்த மலையே தெரியவில்லை. நான் அவள் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளுடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல்தான் அந்த வேலையை எடுத்தேன்.

"நேற்று நீ கேட்டனி" என்று அக்கா தொடங்கினாள். "எத்தனை பேருக்குக் கழட்டினனீங்கள் எண்டு. ஒராள் இருக்கிறார்."

நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த காலம். அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டில் ஆக்சிஜன் உருளை இரண்டுதான், அன்று அதில் ஒன்று காலி. புதியது வேண்டுமென்றால் தீவிலிருந்து ஃபெரியில் வர வேண்டும், அதுவும் மறுநாள் காலைதான். ஒன்பதாம் கட்டிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு கிழவர். நிமோனியா. இந்த நாட்டில் அவருக்கு யாரும் இல்லை. இரண்டு நாளாகக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். அன்று பொழுது சாயும் நேரத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது, கடுமையான இழுப்பு, முகம் கறுத்துவிட்டது. டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்பதாம் கட்டில் உருளையை எடுத்து இவருக்குப் போடச் சொன்னார்.

"டாக்டர் சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை" என்றாள் அக்கா. "அவர் வேற என்ன செய்யிறது? எடுக்கச் சொன்னார், நான் எடுக்கப் போனன். அந்த மனுசன் குழாயைக் கையால பிடிச்சுக்கொண்டார். 'வேணாம் மிஸ்ஸி. இது இருக்கட்டும் மிஸ்ஸி' எண்டு கெஞ்சினார். எனக்கு நேரமில்லை. அங்கால மற்றவர் செத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'ஐயா, உங்களுக்கு இனி இது தேவையில்லை. நீங்கள் நல்லாயிட்டீங்கள்' எண்டனான். சிரிச்சுக்கொண்டு சொன்னனான். சொல்லிக்கொண்டே அவற்ற விரலை ஒவ்வொண்டாய்க் கழட்டினனான்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த நாள் மத்தியானம் நான் டியூட்டிக்கு வரேக்க மெத்தையைச் சுருட்டி வைச்சிருந்தினம்."

"அக்கா, அதுக்கு நீங்கள் என்ன செய்வியள்? இருதயமாயும் இருந்திருக்கலாம்."

"இருக்கலாம். டாக்டரும் அப்பிடித்தான் எழுதினவர். அது இல்லை பிள்ளை என்ர கதை." அவள் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்தாள். "உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொராளுக்கு உயிர் போகுது ஐயா, அவருக்குக் குடுக்கப் போறம் எண்டு சொல்லியிருந்தால், ஓமெண்டு தாறாரோ என்னவோ, அது அந்த மனுசன்ர முடிவு. நான் பொய் சொல்லிப் பறிச்சுப்போட்டன். அவர் என்னை நம்பினார். நான் தேவையில்லை எண்டு சொன்னதும் கையை விட்டிட்டார். இப்ப இந்தப் பிள்ளை வந்து, 'இனிமே வேணாம் ஆன்ட்டி, நல்லாயிட்டீங்க' எண்டு சொல்லேக்க எனக்கு அவளின்ர குரல் கேக்கேல்லை. என்ர குரல்தான் கேக்குது. எனக்குத் தெரியும், அந்தக் குரலில நம்பிக்கை வைக்கக் கூடாது."

மழை விட்டது போலிருந்து மறுபடியும் பிடித்தது. நாற்பது வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு சொல்லில் துடைத்துவிட முடியுமா? அவளுடைய பாதத்தை என் மடியில் வைத்து மிச்ச நகங்களையும் வெட்டி முடித்தேன். பிறகு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டி என்ன காட்டுதோ அதை இனி நீங்களே பாருங்கோ அக்கா. நீங்கள் பார்க்க ஏலாத நேரம் நான் பார்த்துச் சொல்லுறன். கூடினாலும் சொல்லுவன், குறைஞ்சாலும் சொல்லுவன். ஒண்டும் மறைக்க மாட்டன்."

அவள் காலை என் மடியிலிருந்து இறக்கினாள். "ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவா" என்றாள்.

அடுத்த முறை மிஸ்ஸி வந்தபோது வாசலிலேயே அவளிடம் பேசினேன். பழைய கதையைச் சொல்லவில்லை. அது அக்காவுடையது. ஆனால் பெட்டியை அக்கா பக்கம் திருப்பி வைக்க வேண்டும், நல்லாயிட்டீங்க என்ற சொல்லை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு, "சரி டீச்சர். அவங்க எனக்கு சீனியர்தானே. அவங்களே பாக்கட்டும்" என்றாள்.

உள்ளே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கொப்பியில் வார்டு அட்டவணை போலக் கோடு போட்டு வைத்திருந்தாள். நேரம், லிட்டர், எண், மூச்சு எத்தனை. "முதல் அஞ்சு நிமிசம். அதுக்கு மேல நான் சொன்னால்தான்" என்றாள். குழாயைத் தானே கழற்றி மடியில் வைத்தாள். முகம் வெளிறித்தான் இருந்தது. கண் எண்ணில் இருந்தது. தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று நான்கு. வேர்வை அரும்பியது. தொண்ணூற்று நான்கு. ஐந்து நிமிடம் முடிந்ததும் மறுபடியும் மாட்டிக்கொண்டாள், எழுதினாள். அடுத்த முறை எட்டு நிமிடம்.

திருப்பம் வந்தது நல்ல எண்ணால் அல்ல. பத்து நாள் கழித்து, குழாய் இல்லாமல் குசினி அடுப்பு வரைக்கும் நடந்து திரும்பிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா முன்னால் நடக்க, மிஸ்ஸி பெட்டியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் போனாள். நான் பின்னால். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்:

"எவ்வளவு?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும்.

"எண்பத்தேழு" என்றேன்.

அவள் பதறுவாள் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பதறவில்லை. "ம். நடைக்கு இன்னும் காணாது. குழாயைத் தா" என்று கையை நீட்டினாள். மாட்டிக்கொண்டு, எண் மெல்ல மெல்ல ஏறித் தொண்ணூற்று மூன்றுக்கு வரும்வரை பார்த்திருந்து, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்ததும் மிஸ்ஸியின் புறங்கையில் தட்டிக்கொடுத்தாள்.

மிஸ்ஸி போன பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "குறைஞ்சதையும் சொல்லிப்போட்டாய். அப்ப கூடினதும் உண்மைதான்."

அன்றைக்குப் பிறகு கால் மணி நேரம் அரை மணியானது, அரை மணி ஒரு காலைப்பொழுதானது. நடைக்கு மட்டும் இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. கடைசியாகத் தூங்கும்போதும் நிறுத்தினோம். முதல் இரண்டு இரவும் மிஸ்ஸி பெட்டியை எங்களிடமே விட்டுப்போனாள். அக்கா தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

லாரிக்காரர்கள் வந்து உருளையைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஹாலில் சங்கிலி உரசிய இடத்தில் சுவரில் ஒரு கீறல் நின்றது. விளக்கைத் திரும்ப ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் அக்கா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வாடகைக் காரில் போனோம். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தபோது குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா தயங்கினாள்.

"பேர் தெரியாது ஐயா. இறந்துபோன ஒருவருக்காக."

குருக்கள் இருவரையும் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. "அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார். அக்கா கைகூப்பி நின்றாள். அழவில்லை. மணி அடித்து ஓயும்வரை உதடுகள் மட்டும் அசைந்தன.

வெளியே படிக்கட்டில் இளைப்பாற உட்கார்ந்திருந்தபோது, மனதில் வெகுநாளாகக் கிடந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்த மற்றவர் பிழைச்சவரோ?"

"பிழைச்சவர். ஏழெட்டு நாளில நடந்து வீட்டை போனவர்."

"அவரை நினைச்சுப் பார்க்கிறனீங்களோ?"

அக்கா ஆச்சரியத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒருவர் இருந்ததே அப்போதுதான் நினைவு வந்தது போல.

"இல்லை" என்றாள். "ஒரு நாளும் இல்லை." கொஞ்சம் பொறுத்து, "போற அண்டைக்கு அவற்ற மனுசி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தவ. கைக்குழந்தையோட வந்தவ. நான் அந்தப் பழத்தை மேசையிலயே விட்டிட்டு வந்திட்டன்."

அதற்குப் பிறகு அவள் நான்கு வருடம் இருந்தாள். மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்பாள், மற்றபடி பழைய குரல் திரும்பிவிட்டது. ஒரு மார்கழிக் காலையில் மாரடைப்பில் போனாள், நான் டாக்சிக்குப் போன் செய்துகொண்டிருந்தபோதே. அன்று கோபத்தில் நான் கேட்ட கேள்விக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், நீ அதைக் கேட்டிராவிட்டால் அந்தக் கிழவரைப் பற்றி நான் சொல்லியே இருக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பாளோ, அல்லது வழக்கம்போல வேலையைப் பார் என்று சொல்லியிருப்பாளோ, தெரியவில்லை.